விரைவும் ஒழுங்கும்

சென்னை மாநகரின் மேற்குப் பகுதியில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்கள் உள்ளன. முன்னாளில் ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்திருந்த இப்பகுதி, இந்நாளில் தொழிலால் பெயர் பெற்று விளங்குகிறது. ஆவடியில் கவச ஊர்திகள் செய்யப்படுகின்றன. 1960-களில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், பெரிய ஆலைகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்துதரும் சிறு பட்டறைகள் பல உள. எஃகு உறுப்புகளுக்குப் பதம் ஏற்றும் பட்டறைகளும் அவற்றுள் அடங்கும்.

அத்தகைய பட்டறையில் நாள்தோறும் நிகழும் காட்சி ஒன்று உண்டு. உலையிலிருந்து பற்சக்கரம் ஒன்று செக்கச் செவேலென வெளிவருகிறது. தொழிலாளி சிறிதும் தாழ்த்தாது அதனை எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்துகிறார். எண்ணெய் சீறுகிறது, புகை எழுகிறது, சில நொடிகளில் சிவப்பு மறைந்து எஃகு கருநிறம் அடைகிறது. சிற்றூர்க் கொல்லர் அரிவாளைக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவதும் இம்முறையே ஆகும். இதனைத் ‘தோய்ச்சல்’ என்பர். தோய்ச்சல் பெற்ற எஃகில் அரம் பற்றாது, வழுக்கிச் செல்லும். அதே எஃகை அதே அளவு காய்ச்சி, உலையை அணைத்து, உள்ளேயே மெல்ல ஆறவிட்டால், அது மென்மையுற்று அரத்துக்கு இணங்கும்.

பொருள் ஒன்று, ஏற்றிய வெப்பம் ஒன்று, இறுதியில் அடைந்த குளிர்ச்சியும் ஒன்று. வேறுபட்டது விரைவு மட்டுமே. மெல்ல ஆறும் எஃகினுள் கரியணுக்கள் தமக்குரிய இடம் தேடிப் பிரிந்து சேர அவகாசம் உண்டு. திடீரெனக் குளிரும் எஃகில் அந்த அவகாசம் இல்லை. கரியணுக்கள் இருந்த இடத்திலேயே சிறைப்பட்டுவிடுகின்றன. அச்சிறையே எஃகின் கடினத்துக்குக் காரணம். ஆகவே, ஒரு மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்ந்தது என்பது, மாறிய பொருளின் உள்ளே எழுதி வைத்தாற்போல் நிலைத்துவிடுகிறது.

இவ்வுண்மை எஃகோடு நிற்பதன்று. காந்தத்திலும், கடுங்குளிர் ஊட்டப்பட்ட வாயுவிலும், பேரண்டத்தின் தோற்றத்திலும் இதனை அறிஞர்கள் தேடியுள்ளனர். அந்தத் தேடலில் பெரும்பங்கு கொண்ட ஒருவர் சென்னையிலே பிறந்தவர்.

செந்தணலாய்க் காய்ந்த இரும்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. இரும்பின் வெப்பநிலை ஏறத்தாழ 770 செல்சியஸ் பாகைக்குமேல் சென்றவுடன் அதன் காந்தத் தன்மை மறைந்துவிடுகிறது. அதற்குக் கீழே இறங்கியவுடன் மீண்டும் தோன்றுகிறது. காந்தப் பொருள்களை வெப்பமூட்டி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பியர் கியூரியின் பெயரால், இவ்வெல்லை ‘கியூரி வெப்பநிலை’ என வழங்கப்படுகிறது.

இதன் காரணம் எளிது. இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம் போன்றது. அணுக்கள் தம் அண்டை அணுக்களோடு ஒரே திசையில் நிற்க விரும்பும் இயல்புடையவை. மிகுந்த வெப்பம் அவற்றை அலைக்கழிக்கும்போது அவ்விருப்பம் நிறைவேறுவதில்லை. ஒன்று வடக்கு நோக்க, மற்றொன்று தெற்கு நோக்க, மொத்தக் காந்தம் பூச்சியமாகிவிடுகிறது. வெப்பம் தணிந்தால் அண்டை அணுக்கள் ஒன்றையொன்று தழுவி ஒரே முகமாய் நிற்கின்றன.

அவ்வாறாயின், கடையில் வாங்கும் ஆணி ஒவ்வொன்றும் வலிய காந்தமாக இருத்தல் வேண்டுமன்றோ? அங்ஙனம் இல்லை. இதற்கு 1907-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பியர் வைஸ் விடை கூறினார். இரும்பு முழுவதும் ஒரே திசையில் நிற்பதில்லை; அது சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்துள்ளது; ஒரு பகுதிக்குள் அணுக்கள் யாவும் ஒருமுகமாய் உள்ளன; ஆனால் ஒரு பகுதியின் திசை வேறு, அடுத்த பகுதியின் திசை வேறு; ஆகவே ஒன்றின் ஆற்றலை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது என்பது அவர் கருத்து. அப்பகுதிகளைக் ‘காந்தக் களங்கள்’ என்பர். இரு களங்களுக்கு இடையே உள்ள எல்லை ‘களச்சுவர்’ எனப்படும். பின்னர் 1931-இல் பிரான்சிஸ் பிட்டர் என்பார், மிக நுண்ணிய காந்தப் பொடியை உலோகத்தின் மேற்பரப்பில் பரப்பி, உருப்பெருக்கியால் நோக்கினார். பொடியின் கோலங்கள் களங்களின் இருப்பைக் கண்ணுக்குக் காட்டின.

இரும்பு இவ்வாறு பிரிந்து நிற்பதற்குச் சிக்கனமும் ஒரு காரணமாகும். முழுதும் ஒரே களமாயின், அது தன்னைச் சுற்றிலும் பெரிய காந்தப்புலத்தைத் தாங்கவேண்டி வரும். ஆயினும் எல்லாக் களங்களும் இக்காரணத்தால் மட்டும் தோன்றுவன அல்ல. அவசரத்தால் தோன்றும் களங்களும் உண்டு. அவற்றின் கதையை ஒரு பள்ளித் திடலைக் கொண்டு விளக்கலாம்.

ஆவடியில் உள்ள ஒரு பள்ளியின் பெரிய திடலில் ஆயிரம் மாணவர் மனம்போனவாறு திரும்பி நிற்பதாகக் கொள்வோம். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர், “அனைவரும் ஒரே திசையை நோக்கி நில்லுங்கள்” என்று ஆணையிடுகிறார். எந்தத் திசை என்று அவர் கூறவில்லை. ஒவ்வொரு மாணவனும் தன் அருகில் நிற்போரை மட்டுமே காண இயலும். ஊதல் ஒலித்தவுடன் நிற்றல் வேண்டும்.

ஊதல் உடனே ஒலித்தால் என்ன நிகழும்? திடலின் ஒரு மூலையில் உள்ளோர் இருப்புப்பாதைப் பக்கம் திரும்புவர். மற்றொரு மூலையில் உள்ளோர் ஏரிப் பக்கம் திரும்புவர். நடுவில் உள்ளோர் பள்ளிக் கட்டடத்தை நோக்குவர். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஒற்றுமை உண்டு. கூட்டங்களுக்கு இடையே ஒற்றுமை இல்லை. இதில் எவர் மீதும் குற்றம் இல்லை. தொலைவில் நிற்போர் என்ன முடிவு செய்தனர் என்ற செய்தி வந்து சேர நேரம் இல்லை; அவ்வளவே. மாறாக, ஆசிரியர் நெடுநேரம் பொறுத்துப் பின் ஊதினால், செய்தி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். அப்போது கூட்டங்கள் சிலவாகவும் பெரியனவாகவும் அமையும். எனவே, கூட்டங்களின் அளவைக் கண்டே ஆசிரியர் எவ்வளவு நேரம் தந்தார் என்று ஒருவாறு கணக்கிட்டுவிடலாம்.

இக்கருத்தைப் பேரண்டத்துக்குப் பொருத்திக் காட்டியவர் தாமஸ் கிப்பிள் என்னும் இயற்பியல் அறிஞர். அவர் 1932-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவர் தந்தையார் வால்டர் கிப்பிள், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். சிறுவர் கிப்பிள் கல்லூரி வளாகத்தில் ஓடியாடி விளையாடினார். தந்தையார் தந்த கணிதப் புதிர்களை விடுவிப்பதும் அவருக்கு ஒரு விளையாட்டாகவே இருந்தது. சென்னை டவ்டன் கோரி பள்ளியில் பயின்றபின், அவர் ஸ்காட்லாந்து சென்று எடின்பரோவில் கல்வியைத் தொடர்ந்தார். 1959-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்து, தம் ஆராய்ச்சியை அங்கேயே நடத்தினார்.

தோன்றிய தொடக்கத்தில் பேரண்டம் அளவிட இயலா வெப்பத்தோடு இருந்தது. பின்னர் விரிந்து விரைந்து குளிர்ந்தது. குளிரும்போது இரும்பு ஒரு திசையைத் தேர்ந்துகொள்வது போல, பேரண்டமும் ஒரு நிலையைத் தேர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் எச்செய்தியும் ஒளியைக் காட்டிலும் விரைவாகச் செல்ல இயலாது. ஒளியும் சென்று சேராத தொலைவில் இருந்த இரு பகுதிகள் எவ்வாறு ஒரே முடிவை எடுத்திருக்க முடியும்? ஆகவே பேரண்டத்திலும் களங்கள் தோன்றியிருக்கலாம். களங்கள் சந்தித்த இடங்களில் சுவர்களும் இழைகளும் ஆகிய வடுக்கள் எஞ்சியிருக்கலாம். 1976-இல் கிப்பிள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே.

கருத்து அழகியது. ஆனால் அதனைச் சோதிப்பது எங்ஙனம்? பேரண்டம் தோன்றிய நாளுக்குத் திரும்பிச் சென்று காண எவராலும் இயலாது. அத்தகைய இழைகள் வானில் இன்றுவரை ஐயமறக் கண்டறியப்படவும் இல்லை. சோதிக்க இயலாத கருத்து எத்துணை அழகுடையதாயினும் அறிவியலில் நிலைத்து நில்லாது.

இந்நிலையில், போலந்து நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் வொய்ச்செக் சூரெக் என்னும் அறிஞர் 1985-இல் ஒரு வழி கூறினார். வானத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஆய்வுக்கூடத்திலேயே ஒரு பொருளை விரைந்து மாற்றிப் பார்க்கலாம் என்பது அவர் கூற்று. மாற்றம் விரைவாக நிகழ்ந்தால் களங்கள் சிறியனவாகவும் வடுக்கள் பலவாகவும் இருக்கும். மெல்ல நிகழ்ந்தால் களங்கள் பெரியனவாகவும் வடுக்கள் சிலவாகவும் இருக்கும். எத்துணை விரைவுக்கு எத்துணை அளவு என்பதற்கு அவர் ஒரு கணக்கும் வகுத்தார். இருவர் பெயராலும் இது ‘கிப்பிள்–சூரெக் நெறி’ என வழங்குகிறது.

இச்சோதனைக்கு இரும்பு ஏற்ற பொருள் அன்று. அதனுள் அணுக்கள் திரும்பும் விரைவு கணக்கிலடங்காதது. உலோகத்தின் உட்புறம் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. மெல்ல இயங்குவதும் ஒளி ஊடுருவக் கூடியதுமான ஒரு காந்தப் பொருள் வேண்டும். அது கடுங்குளிர் வாயுவாகக் கிடைத்தது. அதற்கு வித்திட்டதும் இந்தியர் ஒருவர் கருத்தே ஆகும்.

1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணும் புதுமுறை ஒன்றைக் கண்டு, ஐன்ஸ்டைனுக்கு எழுதி அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனை அணுக்களுக்கும் விரித்தார். சில வகை அணுக்களைப் போதிய அளவு குளிரச் செய்தால், அவை தனித்தனியே இயங்குவதை விட்டு, ஒரே அலைபோல் ஒருங்கே இயங்கும் என்று கணித்தார். அந்நிலையைக் கண்ணால் காண எழுபது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1995-இல் அமெரிக்க நாட்டுப் போல்டர் நகரில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் ஆகிய இருவரும் ரூபிடிய அணுக்களை அந்நிலைக்குக் கொணர்ந்தனர். இதற்கென அவர்களுக்கும், சோடிய அணுக்களைக் கொண்டு இதனைச் செய்த வொல்ஃப்காங் கெட்டர்லேக்கும், 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாயு மிக விந்தையானது. காற்றற்ற கண்ணறையில் லேசர் ஒளிக்கதிரால் தாங்கப்பட்டு, சிறு முகில்போல் நிற்பது. காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ லட்சம் மடங்கு அடர்த்தி குறைந்தது. விண்வெளியே தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஏறத்தாழ மூன்று பாகை அளவில் உள்ளது. இம்முகிலோ அச்சுழிக்கு மேல் ஒரு பாகையின் கோடியில் ஒரு பங்கினும் குறைந்த வெப்பமே உடையது. ரூபிடிய அணுவும் ஒரு சிறு காந்தம். இரும்பணுக்களைப் போலவே, இம்முகிலில் உள்ள ரூபிடிய அணுக்களும் அண்டை அணுக்களோடு ஒருமுகமாய் நிற்க விழைவன.

2006-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் டான் ஸ்டாம்பர்-கர்ன் என்பாரும் அவர்தம் குழுவினரும் இம்முகிலுக்குத் ‘தோய்ச்சல்’ இட்டனர். அவர்கள் எண்ணெயில் அமிழ்த்தவில்லை; வெப்பத்தையும் மாற்றவில்லை. முதலில் வலிய காந்தப்புலம் ஒன்றில் அணுக்களை வைத்து, எத்திசையிலும் காந்தம் தோன்றாத நிலையில் நிறுத்தினர். பின்னர் அக்காந்தப்புலத்தைச் சட்டெனக் குறைத்தனர். ஊதல் ஒலித்துவிட்டது. இனி அணுக்கள் தாமே ஒரு திசையைத் தேர்ந்தாகவேண்டும். எத்திசை என்று கூறுவார் எவரும் இல்லை.

பத்தில் ஒரு விநாடி அளவில் விடை தெரிந்தது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள சிறு சிறு காந்தக் களங்கள் முகிலெங்கும் முளைத்தன. சோதனையை மீண்டும் செய்தபோது களங்கள் மீண்டும் தோன்றின. ஆனால் கோலம் வேறாக இருந்தது. ஒவ்வொரு முறையும் முடிவு புதிது. சில படங்களில் மற்றொரு வியப்பும் தென்பட்டது. ஒரு புள்ளியைச் சுற்றி வந்தால், அணுக்களின் திசையும் மெல்ல மெல்லத் திரும்பி ஒரு முழு வட்டம் சுற்றிவிடுகிறது. பள்ளித் திடலின் கொடிக்கம்பத்தைச் சுற்றி நிற்கும் மாணவர் ஒவ்வொருவரும் அடுத்தவரோடு பெரும்பாலும் ஒத்து நின்றும், வட்டம் முழுவதும் பார்த்தால் எல்லாத் திசைகளும் காணப்படுவது போன்றது இது. கம்பத்தின் அடியில் நிற்பவனுக்கு மட்டும் எத்திசையும் பொருந்தாது. இதுவே ‘சுழல்’ எனப்படும் வடு. கிப்பிள் பேரண்டத்தில் எதிர்பார்த்த வடுக்களுக்கு இஃது உறவாகும்.

களங்கள் தோன்றியதோடு கதை முடிவதில்லை. பின்னர் அவை வளர்கின்றன. திடலில் ஊதல் ஓய்ந்தபின்னும் மாணவர் திரும்பலாம் என்று கொண்டால், எல்லையில் நிற்பவன் தன்னைச் சுற்றிப் பார்ப்பான். பெரும்பாலோர் எப்பக்கம் நோக்குகின்றனரோ அப்பக்கம் தானும் திரும்புவான். ஒரு சிறு கூட்டம் பெரிய கூட்டத்தால் சூழப்பட்டிருந்தால், அதன் எல்லை உள்நோக்கி வளைந்திருக்கும். எல்லையில் உள்ளோர்க்கு வெளியாரே அண்டையில் மிகுதி. ஆகவே சிறு கூட்டம் ஓரத்திலிருந்து கரைந்து மறையும், பெருங்கூட்டம் வளரும். எல்லை நேர்க்கோடாக அமைந்துவிட்டாலோ, இருபுறமும் சம எண்ணிக்கையினர் நிற்பர். எவரும் திரும்பக் காரணம் இராது. எல்லை நெடுநேரம் அசையாது நிற்கும்.

ஆதலின் வளர்ச்சி வரவர மெதுவாகும். களங்கள் பெரியனவாக ஆக, சுவர்களின் வளைவு குறைகிறது. வளைவு குறையக் குறைய, சுவர்கள் நகரும் விரைவும் குறைகிறது. இவ்வகை வளர்ச்சியில் களத்தின் அளவு இரு மடங்காக நான்கு மடங்கு காலம் வேண்டும். மூன்று மடங்காக ஒன்பது மடங்கு காலம் வேண்டும். அதாவது, களத்தின் அளவு காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. எல்லாப் பொருளுக்கும் விதி இது ஒன்றே என்பதில்லை. ஒரு களத்தில் உள்ள துகள்கள் திசை மாறாமல், இடம்பெயர்ந்து சென்றுதான் தம் இனத்தோடு சேரவேண்டும் என்றிருந்தால், அளவு இரு மடங்காக எட்டு மடங்கு காலம் செல்லும் வகையும் உண்டு.

2018-இல் செருமனியின் ஐடல்பர்க் நகரில் மார்க்குஸ் ஓபர்தாலர் குழுவினர், நீண்டு மெலிந்த ரூபிடிய முகில் ஒன்றுக்குத் திடீர் மாற்றம் தந்து, பல விநாடிகள் தொடர்ந்து நோக்கினர். காந்தத் திசையின் ஒழுங்கு பரவிய நீளம், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்ந்தது. தொடக்க நிலைகளை மாற்றி மாற்றிச் செய்தபோதும் வளர்ச்சியின் விதி மாறவில்லை. அதற்கு முன்பே, 2015-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சோரான் ஆட்சிபாபிச் குழுவினர், இத்தகைய வாயுவை வெவ்வேறு விரைவில் குளிரச் செய்து அளந்தனர். மெல்லக் குளிர்ந்த வாயுவில் ஒழுங்கான பகுதி பெரிதாகவும், விரைந்து குளிர்ந்ததில் சிறிதாகவும் இருந்தன. கிப்பிளும் சூரெக்கும் கூறிய நெறியோடு அளவுகள் பொருந்தின. சென்னையில் பிறந்த அறிஞர் தம் கருத்தின் இவ்வெற்றியைக் காண உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு, 2016-இல், அவர் மறைந்தார்.

இவ்வாராய்ச்சி பேரண்டம் பற்றிய முடிவான சான்று ஆகிவிடாது. ஆயினும், ‘செய்தி செல்ல நேரமில்லாத இடத்தில் ஒற்றுமை இராது’ என்ற ஒரே காரணம், மிகப் பெரியதிலும் மிகச் சிறியதிலும் ஒரே விளைவைத் தரவல்லது என்பதை அது நிலைநாட்டியது. நடைமுறைப் பயனும் இதில் உண்டு. அணுக்களை மெல்ல மாற்றி விடை காணும் புதுவகைக் குவாண்டம் கணிப்பொறிகள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றை அளவு மீறி விரைவாக இயக்கினால், விடையில் பிழைகள் நுழைகின்றன. அப்பிழைகளை எண்ணவும் அறிஞர்கள் இந்நெறியையே துணைக்கொள்கின்றனர்.

அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளி உலைக் கதவைத் திறக்கும்போது, எதனை எண்ணெயில் அமிழ்த்த வேண்டும், எதனை உலையிலேயே ஆறவிட வேண்டும் என்பதை நன்கறிவார். தேயாது உழைக்க வேண்டிய பற்சக்கரத்துக்கு விரைவு வேண்டும். கடைந்து உருவாக்க வேண்டிய எஃகுக்குப் பொறுமை வேண்டும். தோய்ச்சலிட்ட உறுப்பையும் அவர் அப்படியே விடுவதில்லை. அது கடினமாயினும் எளிதில் நொறுங்கும் ஆகையால், மீண்டும் சிறிது காய்ச்சி அதன் இறுக்கத்தைத் தணிக்கிறார். மாற்றத்தின் விரைவு வடுவாக நிலைக்கும் என்பதும், அவ்வடு தணியக் காலம் வேண்டும் என்பதும் அவர் கைகள் கற்ற பாடம். அப்பாடத்தையே கிப்பிள் பேரண்டத்தில் எண்ணிப் பார்த்தார். ஆய்வுக்கூடத்து அறிஞர் வாயு முகிலில் அளந்து காட்டினர். ஒழுங்கு ஒரு நொடியில் தொடங்கிவிடலாம். அது எங்கும் பரவி நிறைவதற்கோ, ஒன்று மற்றொன்றின் செய்தியைக் கேட்கும் காலம் வேண்டும்.